ஏழுக்கொரு மைப்பொட்டு

கையெழுத்துக் காவலர் என்றொரு இனம் இருக்கிறது. கடிக்காது. ஆனால் பிடித்தால் விடாது. சந்தையில், வங்கி வரிசையில், செத்தவீட்டுப் பந்தலில், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில், எங்கே நாலு பேர் சேர்ந்து நின்றாலும் ஐந்தாவது ஆளாக வந்து நிற்கும் இந்த இனத்தை அடையாளம் காண்பது மிகவும் இலகு. சட்டைப் பையில் மூன்று பேனை இருக்கும், வாயில் ஒரு பெருமூச்சு இருக்கும், பெருமூச்சு முடிந்த கையோடு, “இந்தக் காலத்தில ஆர் கையால எழுதுறாங்க?” என்ற கேள்வி வரும். நீங்கள் பதில் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். பதிலும் அவரிடமே இருக்கிறது. நாற்பது நிமிடம் எடுக்கும்.

கையால் எழுதினால் மூளை வளரும், பொறுமை பெருகும், பெற்றோர் சொல் கேட்கிற பழக்கம் வரும், நித்திரை வரும், சீனி வியாதி குறையும் என்பதெல்லாம் காவலரின் ஆராய்ச்சி முடிவுகள். ஒருவருடைய எழுத்தைப் பார்த்தே அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவார். உங்கள் எழுத்து இடப்பக்கம் சாய்ந்தால் நீங்கள் பிடிவாதக்காரர், வலப்பக்கம் சாய்ந்தால் ஊதாரி, நிமிர்ந்து நின்றால் யாரையோ ஏமாற்றுகிறீர்கள். மருந்துக்கடையில் டொக்டர் எழுதிய மருந்துச் சீட்டை எட்டிப் பார்த்து, மருந்து என்ன என்று கேட்க மாட்டார், “எழுத்தப் பாத்தியா, மனிசனுக்கு மனசு சரியில்ல” என்று டொக்டருக்கே நோய் கண்டுபிடிப்பார்.

அந்த மூன்று பேனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று லண்டனிலிருந்து யாரோ கொண்டுவந்தது, அதற்கு இந்த நாட்டில் மை கிடையாது. இரண்டாவது பிரியாவிடை விழாவில் கிடைத்தது, அதன் மூடி இன்றுவரை திறக்கவில்லை. மூன்றாவது எழுதும் என்று சொல்லிக்கொள்கிறார்கள், கண்ணால் கண்டவர் யாருமில்லை. வங்கியில் படிவம் நிரப்ப நீங்கள் அதை இரண்டு நிமிடம் கேட்டுப் பாருங்கள். பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் போவார். “பேனையும் பல்லுத் தேய்க்கிற பிரஷும் ஒண்டு தம்பி. ஆளுக்காள் மாத்தப்படாது.”

காவலர் கடைசியாக எப்போது கையால் எழுதினார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் புது டயறி வாங்குவார். முதல் பக்கத்தில் “இன்று முதல் தினமும் எழுதுவேன்” என்று இருக்கும். இரண்டாம் பக்கத்தில் “மழை” என்று இருக்கும். அதற்குப் பிறகு டிசம்பர் முப்பத்தொன்று வரை அந்த வருஷத்தில் ஒன்றுமே நடந்திராது. கையெழுத்து அழிந்து போவதைப் பற்றி உலகத்தை எச்சரிக்க நினைத்தால் எழுதியா எச்சரிப்பார்? போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து ஏழு நிமிடம் பேசி, பழைய மாணவர் குழு, கோயில் குழு, ஓய்வூதியர் குழு, நுளம்பு ஒழிப்புக் குழு எல்லாவற்றுக்கும் ஒரே அமுக்கில் அனுப்புவார்.

எங்கள் கல்குடாவில் இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒன்று என் அடுத்த வளவில் வசிக்கிறது. பெயர் நல்லரத்தினம். ஏதோ ஒரு கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். மற்றவர்கள் எழுதிக்கொண்டு வருவதற்குக் கீழே ஒப்பம் வைப்பதுதான் அங்கே அவருக்கு உத்தியோகம். மனைவி இலட்சுமிப்பிள்ளை அதிகம் கதைக்க மாட்டார், கதைப்பதற்கு வீட்டில் இடமும் இல்லை. ஒரே மகள் மேனுகா, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். அவளுக்குப் போன ஆவணியில் கல்யாணம் என்று நாள் வைத்தார்கள். வம்பு அங்கேதான் தொடங்கியது.

நல்லரத்தினத்துக்கு ஒரே ஒரு அக்கா, மங்கையற்கரசி. வாகரையில் இருக்கிறார். முப்பது வருஷம் உப தபாற்கந்தோர் நடத்தியவர். மேனுகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தாயும் தகப்பனும் இடமாற்றத்தில் அலைந்த நாலு வருஷமும் அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பியவர் இந்த மாமிதான். ஆனால் ஆறு வருஷமாக அக்காவும் தம்பியும் கதைப்பதில்லை. காரணம் ஒரு பனர்.

அக்காவின் கணவர் இளையதம்பி செத்தபோது நல்லரத்தினம் போனார். போய் அழவில்லை, அக்காவின் கையைப் பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பன்னிரண்டடிக் கண்ணீர் அஞ்சலிப் பனர் ஒன்றை அடித்து, வீட்டு வெளிவாசல் கதவடியில், எங்கள் ஊர்ப் பேச்சில் கடப்படியில், இழுத்துக் கட்டினார். ஒரு மூலையில் இளையதம்பியின் படம், அடையாள அட்டை அளவில். மறுபக்கம் “கண்ணீர் வடிக்கும்” என்ற எழுத்துக்குக் கீழே நல்லரத்தினத்தின் படம், ஆளுயரத்தில், கோட்டுப் போட்டு, பல் தெரியச் சிரித்தபடி. பஸ்ஸில் போனவர்கள் நல்லரத்தினம்தான் செத்துப்போனார் என்று இறங்கி ஓடிவந்து, பந்தலில் அவரே கதிரையில் இருப்பதைக் கண்டு வெருண்டார்கள். அக்கா அன்றோடு கதையை நிறுத்தினார்.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணக் காட்டுகளில், அதாவது அழைப்பிதழ்களில், முதலாவது குடும்பத்தில் மூத்தவர் கைக்குத்தான் போகவேண்டும். அவர் வாங்கிச் சாமித் தட்டில் வைத்த பிறகுதான் இரண்டாவது காட் வெளிக்கிடும். மூத்தவர் அக்கா. அவர் வாங்காவிட்டால் மற்ற முந்நூற்று நாற்பத்தொன்பது காட்டும் அலுமாரிக்குள் கிடக்கவேண்டியதுதான். மேனுகாவுக்குக் காட்டைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு மாமி வேண்டும். போன் எடுத்து அழுதாள்.

“மாமி, நீங்க வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன்.”

“ஏறு, ஏறாமக் கிட, அது ஒன்ட விருப்பம்” என்றார் மாமி. பிறகு கொஞ்சம் இளகினார். “ஒன்ட அப்பன் என்ட பேர அவன்ட கையால எழுதி, அவன்ட கையால கொண்டுவந்து தரட்டும். வாறன். செத்தவீட்டுக்கு அச்சடிச்ச மாதிரி இதுக்கும் அச்சடிச்சுக்கிட்டு வந்தான் எண்டா, கடப்பத் திறக்கமாட்டன்.”

இதைக் கேட்ட நல்லரத்தினம் கவலைப்பட்டாரா? துள்ளிக் குதித்தார். “அச்சடிக்கிறதா? நானா? புள்ள, அக்காக்கு மட்டுமில்ல, முந்நூத்தைம்பது கவரும் என்ட கையாலதான்!” என்று இலட்சுமிப்பிள்ளைக்கு அறிவித்தார். உடனே ஏழு நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு எல்லாக் குழுக்களுக்கும் போனது.

சனிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து எழுத உட்கார்ந்தார். மேசைக்குப் புது விரிப்பு, பக்கத்தில் குத்துவிளக்கு, சாட்சிக்கு நான். முதல் கவரில் “திரு” என்று எழுதினார். எழுத்துக் கோணிப்போனது. காற்றுச் சரியில்லை என்று யன்னலைச் சாத்தினார். இரண்டாவது கவரில் “திருமதி” வரை போனார். வெளிச்சம் சரியில்லை என்று யன்னலைத் திறந்தார். மூன்றாவது கவரில் விரல் இழுத்துக்கொண்டது. பேனையும் அத்தோடு வற்றிப்போனது. நான் மேசையை எட்டிப் பார்த்தேன். கவரில் இருந்தது தமிழா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. “ஆக்கள் பாத்துக்கிட்டிருந்தா எழுத வராது. தனிமை வேணும்” என்று என்னை அனுப்பிவிட்டார். அரை மணித்தியாலத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் ஓட்டமாவடிப் பக்கம் போனது.

அங்கே றிப்ஷான் என்பவர் அச்சகம் வைத்திருக்கிறார். நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார்.

“றிப்ஷான், கையால எழுதின மாதிரி எழுத்து கொம்பியூட்டர்ல வருமாமே?”

“இரிக்கி சேர். எட்டு வகை இரிக்கி. டொக்டர் எழுதுற மாதிரியும் ஒண்டு இரிக்கி.”

“டொக்டர் வேணாம். படிச்ச, பண்பான மனிசன் எழுதின மாதிரி ஒண்டு போடு. நீலத்தில.”

“சரி சேர்.”

“துப்பரவா வடிவாவும் இருக்கப்படாது. ஏழு கவருக்கு ஒண்டில மைப்பொட்டு ஒண்டு விழுந்த மாதிரி வை. மனிசன் எழுதினதெண்டு தெரியணும்.”

“அப்ப சேர், மனிசனே எழுதலாமே?”

நல்லரத்தினத்துக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை.

அன்று பின்னேரமே குழுக்களில் ஒரு படம் வந்தது. மேசை நிறையக் கவர், மேலே வற்றிப்போன பேனை, அதற்குப் பக்கத்தில் நல்லரத்தினத்தின் வலது கை, சுட்டுவிரலில் பிளாஸ்ரர். கீழே, “350. ஒரே கை.” இருநூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஓய்வூதியர் குழுவில் ஒருவர் கண்ணீர் விடுகிற முகம் பதினொன்று போட்டார். பிளாஸ்ரரைக் கழற்றச் சொல்லி மனைவி கேட்டும் இரண்டு நாள் கழற்றவில்லை.

திங்கட்கிழமை காலை என்னுடைய வானில், நான் ஓட்ட, வாகரைக்குப் போனோம். முன்னால் நல்லரத்தினம், பின்னால் இலட்சுமிப்பிள்ளையும் மேனுகாவும். அக்காவுக்கு முதல் காட், அவர் வாங்கியதும் அதே ஊரில் கொடுத்துவிட்டு வர இன்னும் பதின்மூன்று. மங்கையற்கரசி கடப்பைத் திறக்கவில்லை. அதற்கு மேலால் கையை நீட்டிக் கவரை வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். தம்பியைப் பார்க்கவில்லை, தன் பெயரைப் பார்த்தார். பிறகு சுட்டுவிரலை நாக்கில் தொட்டு மைப்பொட்டின் மேல் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பொட்டு அசையவில்லை. முப்பது வருஷம் முத்திரையோடும் கவரோடும் பழகிய விரல் அல்லவா?

“மத்தக் காட்டுகளயும் எடு, பாப்பம்.”

“அக்கா, அது வேற ஆக்கள்ட...”

“எடுடா!”

பதின்மூன்றையும் கடப்புக் கம்பியில் வரிசையாகச் சாத்தி வைத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போய் ஏழாவதில் நின்றார். தன்னுடைய கவரை அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டிலயும் ஒரே இடத்தில, ஒரே அளவில மை சிந்தியிருக்கு. இப்பிடிச் சிந்துறதுக்கு எங்க படிச்சனீ?”

நல்லரத்தினம் பிளாஸ்ரர் ஒட்டிய விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“கொண்டு போ” என்றார் அக்கா.

திரும்பி வரும் வழியில் பனிச்சங்கேணிப் பாலத்தைக் கண்டதும் மேனுகா அழத் தொடங்கினாள். சத்தம் போட்டு அழுதிருந்தால் பரவாயில்லை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு நல்லரத்தினத்தின் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. வானை ஓரங்கட்டினேன்.

“அப்பா, முந்நூத்தைம்பது வேணாம்” என்றாள். “ஒண்டே ஒண்டு. மாமிட பேர் மட்டும். எழுதுங்க.”

“எனக்கு எழுத வருதில்ல மனே” என்றார் நல்லரத்தினம். “பத்துப் பதினஞ்சு வருசமா நான் ஒண்டுமே எழுதினதில்ல. கை மறந்து போச்சு.” நான் அவரை அறிந்த காலத்தில் கையெழுத்தைப் பற்றி அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

இலட்சுமிப்பிள்ளை கைப்பையைத் திறந்து எழுதாத கவர் பதினொன்றை எடுத்து மடியில் வைத்தார். இப்படி ஏதாவது நடக்கும் என்று அவருக்கு முப்பது வருஷ அனுபவம். சட்டைப்பைப் பேனை மூன்றையும் அங்கேயே சோதித்துப் பார்த்தோம். மூன்றாவது பேனையைப் பற்றிய வதந்தி பொய் என்பது அன்று நிரூபணமாயிற்று. பாலத்தடியில் ஒரு தேத்தண்ணீர்க் கடை இருந்தது. பிள்ளைகளுக்கு விற்கிற ஜெல் பேனை ஒன்றை அங்கே வாங்கிக்கொண்டு, கடை வாசல் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து நல்லரத்தினம் எழுத ஆரம்பித்தார்.

வாவிக் காற்று கவரைத் தூக்கியது. கடைக்காரப் பெண் ஒரு மூலையைப் பிடித்தார், நான் ஒரு மூலையைப் பிடித்தேன். முதல் கவரில் மங்கையற்கரசிக்கு இடம் போதவில்லை. இரண்டாவதில் இடம் மிஞ்சிப் பெயர் முடிந்துவிட்டது. நாலாவதில் தேத்தண்ணீர் ஊற்றுப்பட்டது. ஏழாவதை எழுதும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார், எட்டாவதில் அதைக் கடித்துக்கொண்டார். வாடி வீட்டு விடுதிக்கு மீன் கொண்டுபோன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு, என்ன பரீட்சை என்று விசாரித்தார்கள்.

கடைசிக் கவரில் மங்கையற்கரசி நல்லபடியாக முடிந்தது. அடுத்து “இளையதம்பி” என்று எழுதவேண்டும். முதலெழுத்தை எழுதிவிட்டு நிறுத்தினார். முந்தின கவர்களிலும் அதே பெயரை எழுதியவர்தான், ஆனால் அதுவரை கவனமெல்லாம் கோடு நேராகப் போகிறதா என்பதில் இருந்தது. இப்போது கை கொஞ்சம் பழகிவிட்டது, மனம் சும்மா இருந்தது. பனர் அடிக்கக் கொடுத்தபோது அந்தப் பெயரைப் போனில் சொல்ல ஒரு விநாடி எடுத்திருக்கும். கையால் எழுதும்போது ஒவ்வொரு எழுத்தாகப் போகவேண்டியிருக்கிறது. அந்த மனிதரைத் தாண்டி ஓட முடியாது. நல்லரத்தினம் மூக்கை உறிஞ்சினார். பெயரை முடித்துவிட்டுக் கவரைப் புரட்டி, பின்பக்கத்தில் விறுவிறுவென்று என்னவோ இரண்டு வரி கிறுக்கினார். எங்களுக்குக் காட்டவில்லை.

நாங்கள் திரும்பிப் போனபோது, கடப்பைத் திறக்கமாட்டேன் என்ற அக்கா, கடப்புக்கு உட்பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கவரை வாங்கினார். விரலை நாக்கில் தொட்டு ஒரு தேய்ப்பு. மை இழுபட்டு அவருடைய பெயரில் பாதியைக் கொண்டுபோனது. நீலமான விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பின்பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இதென்ன கிறுக்கல்? ஒரு எழுத்து விளங்குதில்ல. நீயே வாசி.”

நல்லரத்தினம் கவரை வாங்கிக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார், தலைகீழாகவும் ஒருமுறை பிடித்தார். கடவுளே, அவருக்கும் விளங்கவில்லை! கவரை நம்பிப் பிரயோசனமில்லை என்று வாயால்தான் சொல்லவேண்டியிருந்தது.

“அக்கா... அத்தான்ட செத்தவீட்டில...”

“ம்.”

“நான் அழயில்ல.”

“அப்பிடியா கிடக்கு இதில? மறுகா?”

“என்ன கதைக்கிறதெண்டு தெரியல்ல. அதான் பனர் அடிச்சன். அத்தான் எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கின மனிசன் அக்கா. என்ன மன்னிச்சிருங்க.”

“கடைசி வரி கேக்கயில்ல. இன்னொருக்கா வாசி.”

வாசித்தார்.

“இன்னொருக்கா.”

மூன்றாவது தடவை அவர் கவரைப் பார்க்கவேயில்லை. கடப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, ஆறு வருஷம் பிந்திய அழுகையை அழுதார். எத்தனையோ ஆயிரம் பேரின் கோணல் எழுத்துக்கு வீடு கண்டுபிடித்துக் கொடுத்த மனுஷிக்குத் தம்பியின் இரண்டு வரி விளங்கவில்லையாம். நான் நம்பவில்லை. இலட்சுமிப்பிள்ளையும் நம்பவில்லை என்பது அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடியதில் தெரிந்தது. “சரி, சரி, ஆக்கள் பாக்காங்க. உள்ள வாங்க, கறி ஆக்கிக் கிடக்கு” என்று அக்கா கடப்பைத் திறந்தார். மேனுகா மாமியை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாமி முன்வரிசையில் இருந்து எல்லாரையும் அதட்டினார். இதற்குப் பிறகு நல்லரத்தினம் திருந்திவிட்டார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. மற்ற முந்நூற்று நாற்பத்தொன்பது கவரும் றிப்ஷானின் அச்சகத்திலிருந்து வந்தபடியேதான் ஊரெல்லாம் போயின. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. “கையெழுத்தெண்டா இது கையெழுத்து” என்று சிலர் கவரைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் நடக்கப்போகிற கையெழுத்துப் போட்டிக்கு அவர்தான் நடுவர். விண்ணப்பங்களை இணையத்தில் மட்டும் அனுப்பவேண்டுமாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, எனக்குப் பேனையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற பழக்கமே கிடையாது என்கிறீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடப்படியில் அக்காவும் தம்பியும் நின்ற இடத்தை வாசித்தபோது, உங்களுக்கு ஒருவருடைய பெயர் ஞாபகம் வந்தது. வராமல் இருந்திராது. இரண்டு வருஷமோ பத்து வருஷமோ நீங்கள் கதைக்காமல் விட்ட ஒருவர். அந்தப் பெயர் வந்தவுடனே, இந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்றுதானே நினைத்தீர்கள்?